பூமிக்குள்ள என்ன இருக்கு? தோண்டாமலே ஒவ்வொரு அடுக்கா கண்டுபிடிக்கிற முழு வழிகாட்டி

ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணு போன வருஷம் டியூஷன்ல எங்கிட்ட கேட்டா, "சார், மேலோடு, கவசம், கருவம்னு படம் போட்டு கலர் அடிச்சுட்டேன், 2900 கிலோமீட்டர்னு எழுதிட்டேன், ஆனா இதை யாரு உள்ள போய் அளந்தாங்க?" (மேல இருக்கிற தோல் மேலோடு, அதுக்கு கீழ கவசம், நடுவுல இருக்கிறது கருவம்.) அந்த கேள்விக்கு ஒரு வரியில பதில் சொல்லிட்டு போக எனக்கு மனசு வரல. நாலு ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில உக்காந்து அந்த பசங்களோட சேர்ந்து ஒவ்வொரு கோடா போட்டு பார்த்தோம். அதைத்தான் இங்க வரிசையா எழுதறேன். நம்பரை மனப்பாடம் பண்ண வேண்டாம், ஒவ்வொரு கோடும் எதை வச்சு போட்டாங்கன்னு புரிஞ்சிட்டா நம்பர் தானா மனசுல நிக்கும்.

தேவையானது: கிச்சன்ல வைக்கிற டிஜிட்டல் தராசு, ஒரு ஜல்லிக்கல், நூல், கோலமாவு, இன்ச் டேப், போன்ல இருக்கிற கால்குலேட்டர், ரெண்டே முக்கால் மீட்டர் அகலம் இருக்கிற மாடியோ வாசலோ.

முதல்ல: மனுஷன் எவ்வளவு தூரம் உள்ள போயிருக்கான்

பூமியோட ஆரம் சராசரியா 6371 கிலோமீட்டர். இதுல மனுஷன் தோண்டினதுலயே ஆழமான ஓட்டை ரஷ்யாவுல கோலா தீபகற்பத்துல இருக்கு, 1970-ல ஆரம்பிச்சு 1989-ல 12,262 மீட்டர் வரைக்கும் போனாங்க, அங்க சூடு 100 டிகிரி சுத்தி இருக்கும்னு நினைச்சாங்க, 180 டிகிரி இருந்துச்சு, அதுக்கு மேல டிரில் போக முடியல. ஆள் இறங்கி வேலை பார்க்கிற சுரங்கம்னா தென்னாப்பிரிக்காவுல சுமார் 4 கிலோமீட்டர். நம்ம பக்கத்துல கோலார் தங்கவயல் 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம், 2001-ல மூடினாங்க. எங்க சின்ன தாத்தா அங்க வேலை பார்த்தவர், கீழ் லெவல்ல பாறை மேல வெறுங்கைய வைக்க முடியாது, சுடும்னு சொல்வாரு, வேர்வையில சட்டையைப் பிழிஞ்சு பிழிஞ்சு போட்டுக்குவாங்களாம். வெறும் 3 கிலோமீட்டர்லயே அப்படி.

அப்போ 6371-ல 12. அதாவது 0.2 சதவீதம் கூட இல்ல. மீதி எல்லாமே கணக்குதான், ஆனா ரொம்ப உறுதியான கணக்கு.

படி 1: ஒரு கல்லை எடை போடுங்க

தராசு மேல பாதி பாத்திரம் தண்ணி வச்சு ஸீரோ பண்ணிக்கோங்க. கல்லை தனியா எடை போட்டு எழுதிக்கோங்க. அப்புறம் கல்லை நூல்ல கட்டி தண்ணிக்குள்ள முழுசா முங்குற மாதிரி தொங்க விடுங்க, அடியிலயும் பக்கத்துலயும் படக்கூடாது, நூலை கையில பிடிச்சிட்டே இருக்கணும். இப்போ தராசு காட்டுற கிராம்தான் கல்லோட கன அளவு, கன சென்டிமீட்டர்ல. எங்களுக்கு கல் 412 கிராம், முங்கினப்போ தராசு 151 காட்டுச்சு, வகுத்தா 2.73. கல் தண்ணியை விட 2.73 மடங்கு அடர்த்தி.

எங்க கல் பல்லாவரம் பக்கத்துக்கல். இதுல ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். பரங்கிமலை, பல்லாவரம் பாறைக்கு சார்னோக்கைட்னு பேரு. இந்திய புவியியல் ஆய்வுத்துறையில இருந்த தாமஸ் ஹாலண்டுங்கறவர், கல்கத்தாவுல இருக்கிற ஜாப் சார்னாக்குங்கற கிழக்கிந்திய கம்பெனி அதிகாரியோட கல்லறைக்கல் இதே பாறைல செஞ்சதுன்னு பார்த்து வச்ச பேரு. இந்த வகைப் பாறை மேல உருவானது கிடையாது, மேலோட்டோட அடிப்பகுதியில, 20 கிலோமீட்டருக்கும் கீழ, 700 டிகிரிக்கு மேல வெந்து உருவானது, அப்புறம் கோடி கோடி வருஷமா மேல இருந்த பாறையெல்லாம் கரைஞ்சு போய் வெளிய தெரியுது. கோலா ஓட்டை தொடாத ஆழத்துல இருந்து வந்த கல்லு மேல ஏர்போர்ட் பக்கத்துல நாம தினமும் நடந்து போறோம்!

படி 2: பூமியை எடை போடுங்க

இதை 1798-லயே ஹென்றி கேவண்டிஷ் லண்டன்ல பண்ணிட்டாரு. ஒரு கம்பியில மெல்லிய தடியைத் தொங்க விட்டு, ரெண்டு முனையிலயும் சின்ன ஈய குண்டு, பக்கத்துல 158 கிலோ பெரிய ஈய குண்டு ரெண்டு, பெரிய குண்டு சின்ன குண்டை இழுக்கறதுல கம்பி எவ்வளவு முறுக்குதுன்னு தூரத்துல இருந்து டெலஸ்கோப்ல பார்த்து அளந்தாரு. அதுல கிடைச்சது: பூமி மொத்தமா தண்ணியை விட ஏறக்குறைய அஞ்சரை மடங்கு அடர்த்தி. இன்னைய மதிப்பு 5.51.

உங்க கல் 2.7, பூமி 5.5. இங்கயே பாதி விஷயம் முடிஞ்சது. மேல இருக்கிறது மாதிரியே உள்ளயும் இருந்தா 5.5 வரவே வராது, அப்போ உள்ள ரொம்ப கனமான ஏதோ ஒண்ணு இருந்தே ஆகணும். அழுத்தத்துல பாறை இறுகி கனமாகியிருக்கலாமேன்னு கேக்கலாம், நல்ல கேள்வி, இறுகத்தான் செய்யும், ஆனா அவ்வளவு இறுகாது. வானத்துல இருந்து விழுற எரிகல்லுல ஒரு வகை முழுக்க இரும்பும் நிக்கலுமா இருக்கு, அதைப் பார்த்துதான் எமில் வீகர்ட்டுங்கற ஜெர்மன் விஞ்ஞானி 1890-கள்லயே நடுவுல இரும்பு இருக்கும்னு சொன்னாரு. ஆனா எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ல அவருகிட்ட ஆதாரம் இல்ல. அதுக்கு நிலநடுக்கம் தேவைப்பட்டுச்சு.

படி 3: ரெண்டு அலையை பிரிச்சு கேக்கப் பழகுங்க

இந்த படியை மட்டும் அவசரப்படாம படிங்க, இதுக்கு அப்புறம் வர்றது எல்லாம் இது மேலதான் நிக்குது.

நிலம் அதிர்ந்தா உள்ள ரெண்டு விதமான அலை கிளம்பும். முதல்ல வர்றது பி அலை. ஷண்டிங்ல நிக்கிற கூட்ஸ் வண்டியில இன்ஜின் வந்து இடிச்சா டக் டக் டக்னு பெட்டி பெட்டியா கடைசி வரைக்கும் இடி போகும்ல, அது மாதிரி முன்னும் பின்னும் அமுக்கிட்டு போறது. ரெண்டாவது எஸ் அலை, ஈரப்புடவையை ரெண்டு பேர் பிடிச்சு உதறுனா அலை ஓடுமே, அந்த மாதிரி பக்கவாட்டுல அசைச்சிட்டு போறது. பி வேகம், எஸ் மெதுவு. இதுல முக்கியமான விஷயம், எஸ் அலை திரவத்துக்குள்ள போகாது. ஏன்னா பக்கவாட்டுல அசைச்சா திரும்பி பழைய இடத்துக்கு இழுக்கற பிடிப்பு திடப்பொருளுக்குத்தான் உண்டு, தண்ணியை அப்படி அசைச்சா நகர்ந்துட்டு சும்மா நின்னுடும்.

இந்த அலைகளை நிஜ பதிவுல முதல்ல பிரிச்சு காட்டினவர் ரிச்சர்ட் ஓல்டாம், அவரும் இந்திய புவியியல் ஆய்வுத்துறைக்காரர்தான், 1897 ஜூன் 12 அசாம் பெரிய நிலநடுக்கத்தை வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு கண்டுபிடிச்சாரு.

பக்கத்துல நடந்த அதிர்வுக்கு ஒரு கை கணக்கு இருக்கு, பி வந்ததுக்கும் எஸ் வந்ததுக்கும் நடுவுல எத்தனை செகண்டோ அதை 8-ஆல பெருக்குங்க, அவ்வளவு கிலோமீட்டர் தூரம். 10 செகண்டுன்னா 80 கிலோமீட்டர். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எண்ணற மாதிரிதான்.

இப்போ நமக்கு மறக்கவே முடியாத ஒண்ணை எடுத்துக்கலாம். 2004 டிசம்பர் 26, சுமத்ரா, நம்ம நேரம் காலை 6:29. அங்க இருந்து சென்னைக்கு சுமார் 2040 கிலோமீட்டர். பி அலை நாலேகால் நிமிஷத்துல வந்துடும், எஸ் அலை ஏழரை நிமிஷம், அதுக்கு பின்னால தரையோட மேல ஓடி வர்ற அலை, அதுலதான் அன்னைக்கு நிறைய பேரு வீட்டுல கட்டில் ஆடினதையும் பாத்திரம் சத்தம் போட்டதையும் உணர்ந்தாங்க. கடல் வர ரெண்டு ரெண்டரை மணி நேரம் இருந்துச்சு. பூமி நமக்கு முன்னாடியே சொல்லிடுச்சு, கேட்டு எச்சரிக்க அன்னைக்கு இந்தியப் பெருங்கடலுக்குன்னு ஒரு ஏற்பாடு இல்ல. இதை பசங்களுக்கு சொல்றப்போ இன்னைக்கும் எனக்கு தொண்டை அடைக்கும்.

கணக்குக்கு வருவோம். 2040-ஐ 255 செகண்டால வகுங்க, செகண்டுக்கு 8 கிலோமீட்டர். ஆனா கருங்கல்லுல பி அலை ஓடுற வேகம் சுமார் 6 தான். அப்போ அந்த அலை மேலோட்டுலயே ஓடி வரல, வழியில எங்கயோ வேகமான ஒரு பாறைக்குள்ள இறங்கி ஓடி மறுபடி மேல ஏறியிருக்கு. அது எங்க? அடுத்த படி.

படி 4: முதல் கோடு, மேலோடு எங்க முடியுது

1909 அக்டோபர் 8, குரோஷியாவுல ஸாக்ரெப் பக்கத்துல நிலநடுக்கம். ஆண்ட்ரியா மொஹொரோவிசிச்னு ஒரு விஞ்ஞானி பல ஊர் பதிவுகளை வாங்கி வச்சு பார்த்தா சில இடத்துல ஒரே அதிர்வுக்கு ரெண்டு பி அலை வந்திருக்கு. கிட்ட இருக்கிற ஊருக்கு மெதுவான பி முதல்ல, தூரத்து ஊருக்கு வேகமான பி முதல்ல. பக்கத்து தெருவுக்குப் போக ஊருக்குள்ளயே போயிடுவோம், விழுப்புரம் போறதுன்னா கொஞ்சம் சுத்தினாலும் பைபாஸ் ஏறிடுவோம்ல, அதே கதை. கீழ ஒரு பைபாஸ் இருக்கு.

பைபாஸ் எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு நீங்களே கண்டுபிடிக்கலாம். எந்த தூரத்துக்கு அப்புறம் வேகமான அலை ஜெயிக்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க, 185 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். அதுல பாதி 92.5. ரெண்டு வேகத்தோட வித்தியாசத்தை கூட்டுத்தொகையால வகுங்க, 8-லிருந்து 6 போனா 2, கூட்டினா 14, 2 வகுத்தல் 14, அதுக்கு வர்க்கமூலம் எடுத்தா 0.378. 92.5 பெருக்கல் 0.378, 35 கிலோமீட்டர். அவ்வளவுதான், மேலோடு முடியுற இந்த இடத்துக்குத்தான் அவரு பேரால மோஹோ எல்லைன்னு பேரு. கண்டத்துக்கு கீழ சாதாரணமா 30-லிருந்து 50, இமயமலை திபெத் பக்கம் 70 வரைக்கும், கடலுக்கு அடியில வெறும் 6, 7 கிலோமீட்டர்.

இப்போ மாடிக்கு வாங்க. 1 சென்டிமீட்டர் = 50 கிலோமீட்டர். நடுவுல ஒருத்தர் நூலை அழுத்திப் பிடிச்சுக்க, 127.4 சென்டிமீட்டர்ல இன்னொருத்தர் சுத்தி வந்து கோலமாவால வட்டம் போடுங்க. மேலோடு 35 கிலோமீட்டர்னா 7 மில்லிமீட்டர். கடலடியில ஒண்ணரை மில்லிமீட்டர் கூட இல்ல. அதாவது நீங்க விரல்ல விட்ட கோலக்கோடு இருக்கே, அந்தக் கோட்டோட தடிமன்தான் மேலோடு! எவரெஸ்ட் அதுல 2 மில்லிமீட்டருக்கும் கம்மி. எங்க பசங்க இந்த இடத்துல கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

படி 5: கருவத்தை நூல்ல பிடிங்க

வட்டத்துல ஒரு இடத்துல நிலநடுக்கம்னு சிவப்புப் பொடியில புள்ளி வைங்க. அங்க இருந்து வட்டத்தோட விளிம்புலயே டேப்பை வளைச்சு 231 சென்டிமீட்டர் அளந்து இன்னொரு புள்ளி. அது 104 டிகிரி தூரம், அதாவது வட்டத்தோட மையத்துல இருந்து பார்த்தா ரெண்டு புள்ளிக்கும் நடுவுல இருக்கிற கோணம். ஏன் 104? உலகம் பூரா பதிவுகளை சேர்த்து பார்த்தா அந்த தூரத்தைத் தாண்டி நேரா வர்ற எஸ் அலை ஒரு இடத்துலயும் வர்றதே இல்ல. பி அலையும் 104-லிருந்து 140 வரைக்கும் காணாம போய், அப்புறம் லேட்டா திரும்ப வருது. நடுவுல ஏதோ பெருசா மறைக்குது, நிழல் விழுது.

ரெண்டு புள்ளிக்கும் நடுவுல நூலை இறுக்கி பிடிங்க. நூல் மையத்துக்கு எவ்வளவு கிட்ட வருதுன்னு அளந்தா 78 சென்டிமீட்டர் சுமார், அதாவது 3920 கிலோமீட்டர். உண்மையான கருவத்தோட ஆரம் 3480. ஒரு நூலை வச்சு இவ்வளவு கிட்ட வந்துட்டோம். மீதி வித்தியாசம் ஏன்னா, ஆழம் போக போக வேகம் கூடுறதால அலை நேர்கோட்டுல போறதில்ல, கிண்ணம் மாதிரி கீழ வளைஞ்சு போகும், அதனால நூலை விட ஆழமா போய்தான் கருவத்தை உரசும். 1906-ல ஓல்டாம் கருவம் இருக்குன்னு காட்டினாரு, 1913-14 வாக்குல பெனோ குட்டன்பெர்க் ஆழம் 2900 கிலோமீட்டர்னு கணக்கு போட்டாரு, இன்னைய மதிப்பு 2891. நூறு வருஷத்துக்கு முன்னாடி கையால போட்ட கணக்கு! 69.6 சென்டிமீட்டர்ல ரெண்டாவது வட்டம் போடுங்க.

எஸ் அலை உள்ள போகல, பி அலையோட வேகம் கவசத்தோட அடியில செகண்டுக்கு 13.7 கிலோமீட்டரா இருந்தது கருவத்துல 8-ஆ விழுது. ரெண்டையும் சேர்த்து பார்த்தா அங்க இருக்கிறது உருகின உலோகம். திரவம்தான்னு 1926-ல ஹரால்ட் ஜெஃப்ரிஸ் உறுதியா சொன்னாரு.

படி 2-ஓட ஒத்து வருதான்னு சரி பாருங்க. 3480-ஐ 6371-ஆல வகுத்து மூணு தடவை பெருக்கினா 0.163, பூமியோட கன அளவுல கருவம் 16 சதவீதம். கவசத்தோட சராசரி அடர்த்தி 4.45, கருவத்தோட சராசரி அடர்த்தி 11 போட்டா, 0.837 பெருக்கல் 4.45, கூட்டல் 0.163 பெருக்கல் 11, மொத்தம் 5.5. கேவண்டிஷ் சொன்னது வந்துடுச்சா! நம்ம கையில இருக்கிற இரும்பு 7.9 தான், அங்க இருக்கிற அழுத்தத்துல இறுகி இவ்வளவு ஆகுது, ஆனாலும் வெளிக்கருவம் சுத்த இரும்பு இருக்க வேண்டியதை விட கொஞ்சம் லேசா இருக்கு, அதனால கந்தகம், சிலிக்கன், ஆக்சிஜன் மாதிரி லேசான ஏதோ கலந்திருக்குன்னு தெரியுது. காம்பஸ் முள் வடக்கு காட்டுறதும் இந்த உருகின இரும்பு சுழன்டு ஓடுறதாலதான்.

படி 6: நிழலுக்குள்ள ஒரு சின்ன துடிப்பு

இது எனக்கு ரொம்ப பிடிச்ச படி. 1929 ஜூன்ல நியூசிலாந்துல பெரிய நிலநடுக்கம். டென்மார்க்ல இங்கெ லேமன் (Inge Lehmann)னு ஒரு அம்மா, நாட்டோட நில அதிர்வு நிலையங்களை பார்த்துக்கிட்டவங்க, அந்த பதிவுல ஒரு விஷயம் கவனிச்சாங்க. பி அலை வரவே கூடாத நிழல் பகுதியில லேசா பி அலை வந்திருக்கு. மத்தவங்க வேற விளக்கம் சொல்லி விட்டுட்டாங்க. இவங்க விடல. கம்ப்யூட்டர் கிடையாது, அட்டையில நேரம் எல்லாம் குறிச்சு ஓட்ஸ் டப்பாவுல அடுக்கி வச்சு வேலை பார்த்தாங்கன்னு அவங்க சொந்தக்காரர் எழுதியிருக்காரு. 1936-ல சொன்னாங்க, திரவக் கருவத்துக்கு நடுவுல இன்னொரு உருண்டை இருக்கு, அலை அதுல பட்டு திரும்பித்தான் நிழலுக்குள்ள வருது. 104 வயசு வரைக்கும் இருந்து 1993-ல போனாங்க.

உட்கருவம் ஆரம் 1220 கிலோமீட்டர், உங்க மாடியில 24.4 சென்டிமீட்டர், மூணாவது வட்டம். அங்க சூடு 5000-லிருந்து 6000 டிகிரி இருக்கும்னு மதிப்பிடறாங்க, ஆனாலும் திடப்பொருள். எப்படின்னா, குக்கர்ல தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 120 போகும், அழுத்தம் ஆவியாக விடாது. அதே மாதிரி மையத்துல நம்ம காத்தழுத்தத்தை விட 36 லட்சம் மடங்கு அழுத்தம், இரும்பை உருக விடாது.

படி 7: கவசத்தை திரவம்னு எழுதாதீங்க

நிறைய பேரு, வாத்தியாருங்க கூட, மேலோட்டுக்கு கீழ எல்லாமே எரிமலைக் குழம்புன்னு நினைச்சிருக்காங்க. தயவு செஞ்சு இதை பசங்களுக்கு சொல்லிக் கொடுக்காதீங்க. எஸ் அலை 2891 கிலோமீட்டர் வரைக்கும் ஜம்முனு போகுது, அதனால கவசம் திடப்பாறை. ஆனா ஓடும், வருஷத்துக்கு சில சென்டிமீட்டர். தார் மாதிரி யோசிங்க, காலங்காத்தால சுத்தியல்ல அடிச்சா உடையும், அதே தார் மத்தியான வெயில்ல மெல்ல வழியும். பாறை உருகுறது சில இடத்துல மட்டும்தான், ஒண்ணு கீழ இருக்கிறது மேல ஏறி அழுத்தம் குறையணும், இல்ல தண்ணி கலந்து உருகுற சூடு குறையணும். அந்தமான் பாரன் (Barren) தீவு எரிமலை ரெண்டாவது வகை, கடல் தட்டு கீழ சொருகும்போது தண்ணியையும் கூட்டிட்டு போகுது.

கவசத்துக்குள்ளயும் ரெண்டு கோடு இருக்கு, 410 கிலோமீட்டர் ஆழத்துலயும் 660 கிலோமீட்டர் ஆழத்துலயும், அதாவது வெளி வட்டத்துல இருந்து 8.2, 13.2 சென்டிமீட்டர்ல. பாறையோட சேர்மானம் பெருசா மாறல, அழுத்தத்துல அணுக்கள் நெருக்கி உக்காந்து வேற படிகமா மாறுது. பச்சையா இருக்கிற ஒலிவின்ங்கற கனிமம் 410-ல ஒரு தடவை மாறும், 660-க்கு கீழ பிரிட்ஜ்மனைட் ஆகிடும், பூமியிலயே அதிகமா இருக்கிற கனிமம் அதுதான், ஆனா 2014-ல ஒரு விண்கல்லுல கண்டுபிடிச்ச அப்புறம்தான் அதுக்கு பேரே வச்சாங்க. அதே வருஷம் பிரேசில்ல கிடைச்ச ஒரு சின்ன வைரத்துக்குள்ள ரிங்வுடைட்னு அந்த ரெண்டு கோட்டுக்கும் நடுப்பகுதியில இருக்கிற கனிமம் மாட்டியிருந்துச்சு, அதுக்குள்ள தண்ணியும் இருந்துச்சு. ஆந்திரா வஜ்ரகரூர் பக்கம் கிம்பர்லைட் குழாய்கள் (வைரத்தை மேல கொண்டு வர்ற எரிமலைப் பாறை) இருக்கு, அதுவும் 150 கிலோமீட்டருக்கும் கீழ இருந்து வந்த சரக்குதான். நிலநடுக்கம் கூட சுமார் 700 கிலோமீட்டருக்கு கீழ அனேகமா நடக்கறதில்ல.

படி 8: பேர் குழப்பத்தை தீர்த்துக்கோங்க

மேலோடு, கவசம், கருவம்ங்கறது என்ன பொருள்னு பார்த்து பிரிச்சது. பாறைக்கோளம், மென்பாறைக்கோளம்ங்கறது எவ்வளவு விறைப்புன்னு பார்த்து பிரிச்சது. பாறைக்கோளம்னா மேலோடும் அதோட ஒட்டியிருக்கிற கவசத்தோட மேல்பகுதியும் சேர்ந்தது, சுமார் 100 கிலோமீட்டர், கோலத்துல 2 சென்டிமீட்டர், தட்டு நகருதுன்னு சொல்றோமே அது இதுதான். அதுக்கு கீழ விறைப்பு கம்மியா இருக்கிற கவசப் பகுதிதான் மென்பாறைக்கோளம். சியால், சிமா, நைஃப் எல்லாம் இந்த அடுக்குகளுக்கு வச்ச பழைய பேரு, பரீட்சைக்கு வந்தா எழுதுங்க, மத்தபடி தேவையில்ல.

படி 9: கடைசியா ரெண்டு மேடு

கருவத்து வட்டத்துக்கு மேல, கவசத்தோட அடியில, ஆப்பிரிக்காவுக்கு கீழ ஒண்ணு, பசிபிக்குக்கு கீழ ஒண்ணுன்னு ரெண்டு பெரிய மேடு இருக்கு, எஸ் அலை அங்க மெதுவாகுது. சில இடத்துல 1000 கிலோமீட்டர் உயரம், அதாவது உங்க கோலத்துல 20 சென்டிமீட்டர். கன்னியாகுமரிக்கு தெற்க இந்தியப் பெருங்கடல்ல ஈர்ப்பு குறைஞ்சு கடல் மட்டமே சுமார் 100 மீட்டர் தாழ்ந்து கிடக்கு. அந்த ஆப்பிரிக்க மேட்டு ஓரத்துல இருந்து எழும்புற சூடான பாறைதான் அதுக்கு காரணம்னு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்காரங்க 2023-ல சொன்னாங்க. மேடு வெறும் சூடான பாறையா, இல்ல வேற பொருளான்னு இன்னும் வாதம் நடக்குது. அதனால மத்த வட்டமெல்லாம் முழுக்கோடா போட்டாலும், இந்த ரெண்டு மேட்டை மட்டும் புள்ளி புள்ளியா போடுங்க.